அடியில் எரிமலை இருக்கிறதா? டெல்டாவின் போர்வெல் தண்ணீரிலிருந்து புவிவெப்பம் வரை

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. மேலாக எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், அதனால் குடிநீர்த் தொட்டிக்கு ஆயிரம் அடிக்குப் போர் இறக்கி எடுக்கிறார்கள். மோட்டார் போட்டதும் வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மார்கழி விடியலில் ஆவிகூடப் பறக்கும். பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன் மகள் குழாயில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, அடியில எரிமலை இருக்கா?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் அவள் நினைத்ததில் பாதி சரி. எரிமலையைக் கொதிக்க வைக்கிற அதே சூடுதான் எங்கள் குடிநீரையும் வெதுவெதுப்பாக்குகிறது. அந்தச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பதைத்தான் புவிவெப்ப ஆற்றல் என்கிறோம். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும், ஐம்பது அறுபது அடி கைப்பம்புத் தண்ணீரும்கூட மார்கழியில் சூடாகத்தான் தெரியும். அதற்கும் பூமியின் உள்சூட்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே வெயிலும் பனியும் எட்டாது, அங்கே மண்ணின் சூடு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், நம் பக்கம் 28, 29 டிகிரி செல்சியஸ். அந்தத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளுகுளுவென்றும் தோன்றுவது நம் தோல் செய்கிற வேலை. ஆயிரம் அடி போர் அப்படி இல்லை, சித்திரை மத்தியானத்திலும் அது சூடாகவே வரும்.

காரணம், கீழே போகப் போகப் பூமி சூடாகிறது. உலகின் பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை கூடும். ஆயிரம் அடி என்பது சுமார் 300 மீட்டர், ஆகவே ஒன்பது டிகிரி கூடும், 29-ஓடு சேர்த்தால் 38. நம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இதே கணக்கில் இரண்டரை கிலோமீட்டர் போனால் 100 டிகிரி. நரிமணம் பக்கமும் குத்தாலம் பக்கமும் எண்ணெய்க்காகத் துளைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம், ஆழத்துக்கு இறக்குகிற கருவி அந்தச் சூட்டைத் தாங்கவில்லை என்றால் வேலையே ஓடாது.

சரி, இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? ஐப்பசி மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவைத்துக் காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மேலே தொட்டால் ஜில்லென்று இருக்கும் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் சுடும். ஒரு கைப்பிடி ஈர நெல்லைத் தனியாக வைத்தால் சூடே தெரியாது. ஒவ்வொரு மணியும் விடுகிற சூடு துளிதான், ஆனால் குவியலின் நடுவில் இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகிறது. பூமியும் அப்படித்தான். பாறைகளுக்குள் யுரேனியம், தோரியம், ஒருவகைப் பொட்டாசியம் ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கின்றன (மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதாகப் படித்திருப்பீர்களே, அதே தோரியம்தான்). இவற்றின் அணுக்கள் தாமாகச் சிதையும்போது துளித்துளியாகச் சூடு வருகிறது. நெல்லில் நடப்பது உயிர்களின் வேலை, பாறையில் நடப்பது அணுக்களின் வேலை, ஆனால் சூடு உள்ளே சேரும் விதம் ஒன்றுதான். இதுதவிர, 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவானபோது மோதிச் சேர்ந்த பாறைகளின் பழைய சூடும் இன்னும் ஆறாமல் உள்ளே இருக்கிறது. வெளியே கசிகிற சூட்டில் ஏறக்குறையப் பாதி அணுச்சிதைவால், மீதி அந்தப் பழைய சூடு. பூமியின் மையத்தில் வெப்பம் 5,000 டிகிரிக்கும் மேல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு, பூமி ஆறுகிற வேகத்தை வைத்து அதன் வயதைக் கணக்கிட்டுச் சில கோடி ஆண்டுகள்தான் என்று சொன்னார். அணுச்சிதைவு அப்போது யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கிற பாறை மெதுவாகப் புரண்டு சூட்டை மேலே கொண்டுவருகிறது என்பதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. அத்தனை பெரிய மேதையே நூறு மடங்கு தவறிய இடம் இது, ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதில் குழப்பம் வருவது இயல்பு.

இப்போது நம்மூர் அளவில் ஒரு கணக்கு. கண்டங்களின் அடியிலிருந்து மேலே கசிகிற சூடு சராசரியாகச் சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட். ஒரு ஏக்கருக்கு 260 வாட் வரும், மூன்று மின்விசிறி ஓடுகிற அளவு. ஒரு வேலி நிலம் (ஏறக்குறைய 6.7 ஏக்கர்) முழுக்க, 20 மாவுக்கும் சேர்த்து, ஒரு துளி சிந்தாமல் பிடித்தாலும் 1,750 வாட்தான். அதுவும் சூடு, மின்சாரம்கூட இல்லை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற 5 குதிரைத்திறன் மோட்டாருக்குப் பாதியும் காணாது.

அப்படியென்றால் எப்படி இதிலிருந்து ஊருக்கே மின்சாரம் எடுக்கிறார்கள்? கசிவை நம்பி யாரும் எடுப்பதில்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிற சூட்டை எடுக்கிறார்கள். ஊற்று சன்னமாக இருந்தாலும் குளம் நிறைந்திருந்தால் இறைக்கலாம் அல்லவா, அதுபோல. ஆனால் 100 டிகிரிக்கே இரண்டரை கிலோமீட்டர் இறங்க வேண்டும் என்றால் இறைக்கிற செலவு கட்டுபடியாகாது. சூடு யாருடைய தயவிலாவது தானாக மேலே வந்து நிற்க வேண்டும், அந்த வேலையைச் செய்வதுதான் எரிமலை.

நிறையப் பேர் நினைப்பதுபோல நம் காலடியில், மேலோட்டுக்குக் கீழே எங்கும் நெருப்புக் குழம்பு ததும்பிக்கொண்டிருக்கவில்லை. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசப் பகுதி கிட்டத்தட்ட முழுக்கத் திடப் பாறை. உருகுகிற அளவுக்குச் சூடு இருந்தும், மேலே இருக்கும் பாறையின் பாரம் அதை உருகவிடாமல் அழுத்தி வைத்திருக்கிறது. சில இடங்களில் மட்டும் அது உருகுகிறது. எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் புவித்தட்டுகளின் (பூமியின் மேல்பகுதி பிரிந்து கிடக்கிற, மெல்ல நகரும் பெரிய பாறைப் பலகைகள்) ஓரங்களில்.

தட்டுகளின் ஓரம் என்றால் என்ன என்று நாகப்பட்டினத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகும் இடம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்கு ஒரேயடியாக வழுக்கியது. அன்று காலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அந்த ஓரம்தான் சுமத்ரா, ஜாவா எரிமலைகளுக்கும் காரணம். அந்தமானில் இருக்கும் பாரன் தீவு, இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை, அதுவும் இதே வரிசையில்தான் நிற்கிறது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி விழித்தது. 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையை நாகப்பட்டினத் துறைமுகத்தின் அலைமானி பதிவு செய்திருக்கிறது. எரிமலை நமக்குத் தூரத்து விஷயம் என்று அதனால்தான் என்னால் நினைக்க முடிவதில்லை.

ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் போனால் பாறை ஏன் உருக வேண்டும்? உராய்வுச் சூட்டினால் என்று பலரும் சொல்வார்கள், முக்கியக் காரணம் அது இல்லை. தண்ணீர்தான். கடலடித் தட்டு தன் பாறைகளுக்குள் தண்ணீரைச் சுமந்துகொண்டு இறங்குகிறது, சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்தத் தண்ணீர் பிழியப்பட்டு மேலே இருக்கும் சூடான பாறைக்குள் ஏறுகிறது. சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கிறவர்களைக் கேட்டால் அடுத்தது புரியும்: தனிச் செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், வெள்ளீயம் சேர்த்தால் அதற்கு முன்பே இளகிவிடும். செம்புக்கு வெள்ளீயம் செய்வதைப் பாறைக்குத் தண்ணீர் செய்கிறது. சூடு அதிகமாகவே வேண்டாம், பாறை உருகும் வெப்பநிலை கீழே இறங்கி வந்துவிடுகிறது.

இரண்டாவது வழி, தட்டுகள் விலகுகிற இடங்களில். மேலே பாரம் குறைவதால் கீழிருந்து எழும்பும் பாறை தானாக உருகுகிறது. ஐஸ்லாந்து இப்படி ஒரு பிளவின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கிழக்கு ஆப்பிரிக்கா மெதுவாகப் பிளந்துகொண்டிருக்கிறது. கீழிருந்து ஒரே இடத்தில் சூடு பொங்கி ஏறும் ஹவாய் போன்ற இடங்களும் உண்டு.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. நம் காவிரிப் படுகையே ஒரு பழைய பிளவுதான். கோண்ட்வானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா தனியாகக் கிளம்பிய காலத்தில், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே நிலம் கிழிந்து இறங்கியது. அந்தப் பள்ளத்தில் கடலும் ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கிலோமீட்டர் கணக்கில் நிரம்பிக் கிடக்கிறது, அதன் மேல்தட்டில்தான் நாம் குறுவையும் சம்பாவும் போடுகிறோம். கென்யாவில் இன்று பிளந்துகொண்டிருக்கும் நிலத்துக்கு நம் நிலம் மூத்த உறவு. அங்கே சூடு மேலே நிற்கிறது, இங்கே எப்போதோ ஆறிவிட்டது.

சரி, எரிமலைப் பகுதியில் சூட்டை எப்படிப் பிடிக்கிறார்கள்? பொங்குகிற குழம்பில் குழாய் வைப்பதில்லை. உருகிய பாறையில் பெரும்பகுதி வெளியே வராமல் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெதுவாக ஆறுகிறது. மழைநீர் வெடிப்புகள் வழியாக அதன் பக்கத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே எழும்புகிறது. அதற்கு மேல் களிமண் பாறை ஒரு மூடிபோல இருந்துவிட்டால் சூடு தப்பாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள்: அடியில் அடுப்பு, உள்ளே தண்ணீர், ஆவி ஏற ஓட்டைகள், மேலே மூடி. இதில் ஒன்று குறைந்தாலும் வேலை கெடும். சூடு இருந்து வெடிப்பு இல்லாத பாறையில் துளை போட்டுக் கைவிட்ட இடங்கள் நிறைய, ஏனென்றால் தண்ணீர் ஓடினால்தான் சூடு மேலே வரும்.

துளை போட்டபின் நடப்பது அரிசி ஆலை பாய்லரைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. உமி எரித்து ஆவி எடுப்பதற்குப் பதிலாகப் பூமியே ஆவி தருகிறது, அந்த ஆவி டர்பைனைச் சுற்றுகிறது. சில அபூர்வமான இடங்களில் கிணற்றிலிருந்து நேராக ஆவியே வரும். பெரும்பாலான இடங்களில் 200 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தத்தால் கொதிக்காமல் கிடக்கும் தண்ணீர் மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் குபீரென்று ஆவியாகும், குக்கரில் வெயிட்டைத் தூக்கினால் நடப்பது. இன்னும் சூடு குறைவாக இருந்தால், அந்த வெந்நீரைக் கொண்டு சீக்கிரம் கொதிக்கிற வேறொரு திரவத்தைக் கொதிக்கவைத்து அதன் ஆவியில் ஓட்டலாம். அலாஸ்காவில் சேனா என்ற இடத்தில் 2006-லிருந்து வெறும் 74 டிகிரித் தண்ணீரில் இப்படி ஓட்டுகிறார்கள், பக்கத்திலேயே உறைபனி நீர் கிடைப்பதால் அங்கே அது சாத்தியம். ஆவியைத் திரும்பக் குளிரவைக்க வேண்டுமே, சூடான நாட்டில் அதுதான் கஷ்டம்.

இத்தாலியில் லார்டெரெல்லோ என்ற இடத்தில் 1904-ல் பூமியிலிருந்து வந்த ஆவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரித்துக் காட்டியதுதான் முதல் படி. பிறகு 1958-ல் நியூசிலாந்தின் வைராக்கெய், 1960-ல் கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் மின்நிலையங்கள். இன்று அமெரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் முன்னால் நிற்கின்றன. கென்யா தன் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியை இப்படித்தான் எடுக்கிறது. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் பூமியின் வெந்நீரால் குளிர்காய்கின்றன. இருந்தாலும் உலகம் முழுக்கச் சேர்த்து 16,000 மெகாவாட் அளவுதான், தமிழ்நாட்டின் காற்றாலைகள் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. ஆனால் காற்றாலைக்கு ஆடிக் காற்று வேண்டும், சூரியத் தகட்டுக்குப் பகல் வேண்டும், இது இரவு பகல் பாராமல் ஓடும்.

எரிமலைக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்துவதற்கு விலையும் உண்டு. ஐஸ்லாந்தின் கிராப்லாவில் மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தபோதே, 1975-ல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் அங்கே எரிமலை விட்டுவிட்டு வெடித்தது. 1977 செப்டம்பரில் பக்கத்துக் கிணறு ஒன்றின் குழாய் வழியாகவே கொஞ்சம் குழம்பு மேலே வந்து கொட்டியது. 2009-ல் அதே கிராப்லாவில் ஆழமாகத் துளைக்கப் போனவர்கள் 2.1 கிலோமீட்டரிலேயே உருகிய பாறையில் முட்டினார்கள். அந்தக் கிணற்றிலிருந்து 450 டிகிரி ஆவி வந்தது, கடைசியில் வால்வுகள் தாங்காமல் மூட வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் அதே நாட்டின் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடிய குழம்பு வெந்நீர்க் குழாயை அறுத்துவிட, கடும் குளிரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெந்நீர் இல்லாமல் தவித்தார்கள். குழம்பைத் திருப்பிவிட அந்த நிலையத்தைச் சுற்றி மண்ணணை கட்டியிருக்கிறார்கள், வெள்ளத்துக்கு நாம் கரை கட்டுவதுபோல.

துளை போட்டால் எரிமலை வெடிக்குமா, அல்லது சூட்டை எடுத்துவிட்டால் அடங்கிவிடுமா என்று இரண்டு விதமாகவும் கேட்கிறார்கள். இரண்டுமே பொதுவாக நடப்பதில்லை, எரிமலையின் சூட்டுக்கு முன் நாம் எடுப்பது அற்பம். உண்மையான ஆபத்து வேறு. வெடிப்பில்லாத பாறைக்குள் அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால் நிலம் நடுங்கலாம். 2006-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அப்படி நடந்து திட்டத்தைக் கைவிட்டார்கள், 2017-ல் தென்கொரியாவின் போஹாங்கில் வந்தது 5-ஐத் தாண்டிய நிலநடுக்கம். தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்து திருப்பிச் செலுத்தாமல் விட்டால் நிலம் அமுங்கும், வைராக்கெய் பக்கம் ஓரிடத்தில் 15 மீட்டர் வரை இறங்கியிருக்கிறது. கெய்சர்ஸில் ஆவி குறைந்துபோனதும், பக்கத்து நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே விட்டுச் சரிசெய்தார்கள்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, ஏறக்குறைய எதுவுமே எரிமலையால் வந்ததில்லை. இமாச்சலத்தின் மணிகரணில் குருத்வாராச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் ஊற்றிலேயே வேகவைக்கிறார்கள். எல்லாவற்றிலும் நம்பிக்கை தருவது லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு, 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி நொறுங்கும் இடம் என்பதால் அங்கே நானூறு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே 120 டிகிரியைத் தாண்டுகிறது, நம் டெல்டாவில் அதற்கு மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டும். 2021-ல் அங்கே ஒரு மெகாவாட் சோதனைத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள்.

டெல்டாவில் பூமிச் சூட்டில் பெரிய மின்நிலையம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன், மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சூடு என்றால் மின்சாரம் மட்டும்தான் என்று யார் சொன்னது? வட மாசிடோனியாவில் கோச்சானி என்று ஓர் ஊர், நெல் விளைகிற ஊர். அங்கே பூமியிலிருந்து வரும் 75 டிகிரி வெந்நீரைக் கொண்டு நெல்லைக் காயவைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பப்பட்டு, சாலையோரத்தில் நெல்லைப் பரப்பிவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எத்தனை பேரை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன்! நெல் காய 45, 50 டிகிரிக் காற்று போதும், அதற்கு மேல் போனால் அரிசி நொறுங்கும். கணக்குப்படி அந்தக் காற்றைச் சூடாக்கும் அளவுக்கு வெந்நீர் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது, அந்த ஆழத்துக்கு ஏற்கெனவே போட்டுக் கைவிட்ட எண்ணெய்க் கிணறுகள் நம் வயல்களுக்கு நடுவில் நிற்கின்றன. பழைய எண்ணெய்க் கிணறுகளைச் சூட்டுக்காகப் பயன்படுத்துவது பற்றிப் பல நாடுகளில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

துளை என்ற சொல்லைக் கேட்டாலே நம் மக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, எண்ணெயும் எரிவாயுவும் தேடப் புதிதாகத் துளைக்கக் கூடாது என்று 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததே அந்தப் பயத்திலிருந்துதான். ஆகவே புதிய துளை வேண்டாம், ஒரே ஒரு பழைய கிணற்றில், ஊர்க்காரர்கள் பார்க்க, எந்த ஆழத்தில் எத்தனை டிகிரி, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளந்து எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும் முதலில். அந்த ஆழத்துத் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதை வந்த ஆழத்துக்கே இறக்கிவிட வேண்டும், ஒரு குடம்கூட வாய்க்காலில் விழக் கூடாது.